நீலக் குருவிகளுக்கு நடுவில் ஓர் ஊதா

பட்டறைக்குள் கடைசல் இயந்திரம் பாதியில் நின்றது.

வேலை முடிந்து நின்றால் அதன் சத்தம் தூங்கப்போகும் குழந்தையின் முனகல் போல மெல்ல மெல்ல இறங்கும். இது அப்படி இறங்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது, வெட்டினாற்போல நின்றது. அதன்பின் ஒரு சின்னக் கத்தியின் சத்தம். சரக், சரக், சரக். காய் தோல் சீவுவது போல. பிறகு ஒரு பெண்ணின் குரல்.

“மூணா?”

“இல்ல, நாலு.” இது முன்கடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவளின் கணவர் குரல்.

“கண்ண மூடிகிட்டு சொல்லுங்கண்ணே.”

“நாலுதான். சந்தேகமே இல்ல.”

அதன்பின் சிரிப்பு. உள்ளே வந்திருந்த பெண் சிரித்தாள். அது பரவாயில்லை, அவள் எங்கே போனாலும் சிரிப்பாள். ஆனால் கூடவே அவரும் சிரித்தார். இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்தச் சிரிப்பை அவர் மனைவி விரல்விட்டு எண்ணிவிடலாம், அதற்கு ஒரு கைகூட முழுசாகத் தேவைப்படாது.

முன்பக்கக் கடையில் பொம்மை ரயிலைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி எட்டு நிமிடம். வியாழக்கிழமை. இது ஏழாவது வியாழக்கிழமை. பட்டறைக் கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது.

தெருவில் அவளுக்குப் பெயர் போலீஸ் அக்கா. அவளுக்குத் தெரியாமல் வைத்த பெயர் என்று தெருவே நினைத்துக்கொண்டிருந்தது. பெயர் வைத்த அன்று மாலையே, யார் வைத்தார்கள், எந்தக் கடை வாசலில் வைத்து வைத்தார்கள் என்பதுவரை அவள் கண்டுபிடித்துவிட்டாள். கோபப்படவில்லை. உள்ளூரப் பெருமைதான்.

அந்தத் தெருவைப் பார்க்க நகரத்தின் மறுகோடியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். இருபுறமும் கைவேலைப் பட்டறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். கூடைக் கடையின் முகப்பில் மஞ்சளும் சிவப்புமாகப் பின்னிய கூடைகள் தேன்கூடு மாதிரி அடுக்கியிருக்கும். எதிரே கூண்டுவிளக்குக்காரர் கடையில் துணி விளக்குகள் வெயிலிலேயே எரிவது போலத் தெரியும். தெருக்கோடியில் நூல்கடை. அதன் கண்ணாடிக்குப் பின்னால் நூல் உருண்டைகள் வெளிறிய நிறத்தில் தொடங்கிக் கரும்பச்சையில் முடியும். நடுவில் இவர்களுடைய கடை. மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்தி, அந்தச் சூட்டில் நிறம் ஏற்றுகிற பொம்மைப் பட்டறை. வாசலுக்கு மேலே ஒரு நீளக் கம்பி, கம்பியில் நூலில் ஆடும் மரக்குருவிகள். காற்று வந்தால் ஒன்றோடொன்று மோதி டொக் டொக் என்று பேசும். வருகிறவர்கள் அந்தக் குருவிகளுக்குக் கீழே நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள்.

தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கடை முகப்பில் தொங்குவதை, செய்த கைதான் தொங்கவிட வேண்டும். காலையில் ஏணி வைத்து ஏறுவது தொழிலாளியே. மனைவி, மகள், கூலியாள் யாரும் தொடக்கூடாது. அதனால் இருபத்தாறு வருடங்களாகப் போலீஸ் அக்கா ஒரு குருவியைக்கூடத் தொங்கவிட்டதில்லை. ஏணியைப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

சந்தேகம் என்பது அவளுக்குப் பொழுதுபோக்கு இல்லை. அதற்கு ஒரு பிறந்தநாள் உண்டு.

அவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது அவள் அப்பா தினமும் காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்துடன் கிளம்பி மாலை ஆறுக்குத் திரும்புவார். அச்சகத்தில் வேலை. ஒருநாள் அவள் அவருடைய செருப்பைக் கவனித்தாள். அச்சு மை ஒரு சொட்டு இல்லை. புல் ஒட்டியிருந்தது. மறுநாளும் புல். மூன்றாம் நாள் பின்னாலேயே போனாள். பூங்காவில் ஒரு பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார், மடியில் சாப்பாட்டுப் பாத்திரம். வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

கண்டுபிடித்தது தப்பில்லை. அன்று மாலை வீட்டில் அத்தை, மாமா, சித்தப்பா எல்லோரும் கூடியிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில், “அப்பா வேலைக்கே போகல, பார்க்குல உட்கார்ந்திருக்கார்” என்று அவள் சொன்னாள். ஊர்க்குற்றத்தைக் கண்டுபிடித்த பெருமை குரலில் துள்ளியது. அப்பா எழுந்தார். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார். அந்த ஒன்பது வருடத்தில் அவளோடு பேசியதெல்லாம் அவள் நெற்றியைப் பார்த்துத்தான். கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை.

அவள் அதிலிருந்து கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: வாய் பொய் சொல்லும், செருப்பு சொல்லாது. இன்னொரு பாடமும் அதில் இருந்தது. அது அப்போது அவள் கண்ணில் படவில்லை.

வியாழக்கிழமை விவகாரத்திலும் முதலில் அவள் கண்ணில் பட்டது குருவிதான்.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு காலை. ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். பன்னிரண்டு நீலக் குருவிகள் வரிசையாக. ஐந்தாவது மட்டும் ஊதா.

“என்னங்க, நடுவுல ஒண்ணு ஊதாவா இருக்கே?”

அவர் ஏணியில் ஒரு கணம் அசையாமல் நின்றார். “இருக்கட்டும். ஒரு அழகுக்கு.”

அழகுக்காம்! ஒரு பம்பரத்தில் கோடு மயிரிழை கோணினாலும் அடுப்பில் போடுகிற மனிதர், அழகுக்காக வரிசையைக் கெடுத்தாராம். அன்று வியாழக்கிழமை. அன்று மூன்று மணிக்கு நூல்கடைக்காரி கையில் துணிப்பையுடன் வந்தாள். வியாழன்தோறும் அவள் கடைக்கு அரைநாள் விடுமுறை.

நூல்கடைக்காரி நாற்பத்தைந்து வயது, ஒண்டிக்கட்டை, ஒட்டகச்சிவிங்கி உயரம். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பாள். நூற்றுக்கணக்கான நிறங்களைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வாள் என்று பேர். “அண்ணன் இருக்காராக்கா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு உள்ளே போவாள். அண்ணே என்று கூப்பிட்டால் சந்தேகம் வராது என்று இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

“உள்ள என்ன வேலை?” என்று அக்கா அவரிடம் கேட்டாள்.

“நூலுக்குச் சுத்துற உருளை கேட்டிருக்கு அந்தப் பொண்ணு.”

“தாழ்ப்பாள் எதுக்கு?”

“மரத்தூள் கடைக்கு வரும்.”

இருபத்தாறு வருடமாக வராத மரத்தூள்!

வியாழக்கிழமை காலைகளில் இன்னொன்றும் நடந்தது. அரக்குக் குச்சி ஒன்றைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அவர் நூல்கடைப் பக்கம் போவார். குருவி கட்ட நூல் வாங்க என்பார். நூல் வாங்கக் குச்சி எதற்கு? அவளுக்கு எல்லாம் கோர்வையாக வந்தது. கம்பியில் ஊதாக் குருவி, அது கூப்பிடும் அடையாளம். சட்டைப்பையில் குச்சி, அது கடிதம்.

மகளுக்குத் தொலைபேசியில் சொன்னாள். கல்யாணமாகி வேறு நகரத்தில் இருக்கும் மகள் முழுசாகக் கேட்டுவிட்டு, “அம்மா, அப்பாவா? அவர் சட்டை பட்டனையே ஒண்ணு மாத்தி ஒண்ணு போடுவார். அவருக்கு எதும்மா இவ்வளவு திட்டம்?” என்றாள்.

“அமைதியா இருக்கிறவங்களத்தான் கவனிக்கணும்.”

“சத்தமா இருக்கிறவங்களையும் நீ விட்டதில்லையே.”

அவள் போனை வைத்துவிட்டாள். பெண்ணையும் அவர் பக்கம் இழுத்துவிட்டார் போல.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஆனால் இரவில் பக்கத்தில் படுத்திருக்கும் மனிதரின் முதுகைப் பார்க்கும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாக அவர் அவள் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. பேசும்போது கண்ணைச் சுருக்கி எங்கேயோ பார்க்கிறார். அவள் புதிதாக வாங்கிய பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு எதிரே போய் நின்றபோது, “இந்த நீலம் உனக்கு நல்லாருக்கு” என்றார். கட்டிய மனைவி என்ன உடுத்தியிருக்கிறாள் என்றுகூடப் பார்க்காத அளவுக்கு மனசு வேறெங்கோ போய்விட்டதா? போய்விட்டால், இந்தக் கடை, இந்தக் குருவிகள், இந்த ஏணி, இதையெல்லாம் பிடித்துக்கொண்டு அவள் யாருக்காக நிற்கிறாள்?

ஏழாவது வியாழனுக்குப் பிறகு அவள் பொறுத்தது போதும் என்று முடிவு செய்தாள். அடுத்த புதன்கிழமை மாலை அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பட்டறைக்குள் நுழைந்தாள்.

மரத்தூள் வாசனை. ஜன்னலோரம் இயந்திரம். அதன் பக்கத்தில் தகரத் தட்டு. தட்டில் ஏழு அரக்குக் குச்சிகள், ஏழு நிறம். ஒரு குழந்தைகள் பள்ளிக்காக நாற்பது வளையக் கோபுரங்கள் செய்துகொண்டிருந்தார். ஒரு கோலில் ஏழு நிற வளையங்களைச் சிறியவர்கள் அடுக்கிப் பழகுகிற பொம்மை. சனிக்கிழமை டீச்சர் வந்து வாங்கிப்போவதாக ஏற்பாடு.

குச்சி ஒன்றை எடுத்துத் திருப்பினாள். பிடிக்கும் முனையில் கத்தியால் வெட்டிய நகக்கீறல் போன்ற கோடு. ஒன்று. அடுத்த குச்சியில் இரண்டு. அடுத்ததில் மூன்று. இப்படியே ஏழு வரைக்கும்.

 சரக், சரக், சரக். மூணா? நாலு. இதுதானா அது! காதில் கேட்ட எண்ணெல்லாம் இதோ கையில். தட்டின் ஓரத்தில், கைக்கு வாகாக, மூன்று கோட்டுக் குச்சி தனியாகக் கிடந்தது. மூன்று என்றால் மூன்று மணி. வேறென்ன?

அந்தக் குச்சி நீலம், நான்கு கோடு இருந்தது ஊதா, ஐந்து இருந்தது பச்சை என்பதெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கண் தெரிகிறவர்களுக்கு நீலம் நீலமாகத் தெரிவதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவள் கோடுகளை மட்டுமே எண்ணினாள்.

மேசையில் கத்தி இருந்தது. எடுத்தாள். மூன்று கோட்டுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒன்று வெட்டினாள். சரக். ‘நாளைக்கு நாலு மணிக்கு வரட்டும் மகராசி. அப்போ தெரிஞ்சிடும் வண்டவாளம்.’ குச்சியைப் பழையபடியே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.  

மறுநாள் வியாழக்கிழமை அவர் நூல்கடைக்குப் போகவில்லை. நீல வளையமும் ஊதா வளையமும் மட்டும் பாக்கி, அதை முடித்துவிட வேண்டும் என்று காலை ஆறு மணிக்கே இயந்திரத்தில் உட்கார்ந்துவிட்டார். பத்து மணிவரை சத்தம் சீராக வந்தது. பிறகு நின்றது, ஓடியது, நின்றது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் தட்டில் இருந்ததை அளைந்துகொண்டே இருந்தார். வலதுகைக் கட்டைவிரலை அடிக்கடி ஆள்காட்டி விரலோடு தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

“என்ன, கைல முள்ளு குத்திடுச்சா?”

“ஒண்ணுமில்ல.”

மூன்று மணி. போலீஸ் அக்கா கடிகாரத்துக்குக் கீழேயே நின்றாள். மூன்று அடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வாசலில் ஒட்டகச்சிவிங்கி நிழல்.

“அண்ணன் இருக்காராக்கா?”

நாலு மணிக்கு வர வேண்டியவள் மூணு மணிக்கே வந்துவிட்டாள்! அப்படியானால் குச்சி பார்த்து வருகிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டதா?

“பைல என்ன?” என்றாள் அக்கா, வழியை மறித்து.

“நூல்தான்க்கா. வேறென்ன இருக்கும் எங்கிட்ட?” பையை அகலத் திறந்து காட்டினாள். நூல் உருண்டைகள். நீலமாகவே எட்டு. அடியில் ஒரு சின்னக் கத்தி.

உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. அக்கா கதவில் காதை வைத்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நூல்கடைக்காரியின் குரல், சிரிப்பே இல்லாமல்: “ஐயையோ, என்னண்ணே இது?”

பிறகு அந்தச் சத்தம். முதலில் அது இயந்திரம் என்றுதான் அக்கா நினைத்தாள், வேலை முடிந்து மெல்ல இறங்குகிற முனகல் என்று. இயந்திரம் இல்லை. அழுகை. அவள் கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டிராத அழுகை.

சந்தேகம், கோபம், போலீஸ் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. “கதவத் தொறங்க! என்னாச்சு? கதவத் தொறங்கங்கறேன்!” இரண்டு கையாலும் அடித்தாள்.

நூல்கடைக்காரிதான் திறந்தாள். அவர் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். தரையெங்கும் வளையங்கள். ஊதாக் கூடையில் நீலம் கிடந்தது, நீலக் கூடையில் ஊதா, சில வளையங்களில் பாதி அது, பாதி இது.

“மூணத் தேடினேன்மா,” என்றார் நூல்கடைக்காரியிடம். மனைவி வந்து நிற்பதைக்கூடக் கவனிக்கவில்லை. “தட்டுல மூணே இல்ல. எதத் தொட்டாலும் நாலு வருது. எண்ணி எண்ணிப் பார்த்தேன். கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன். இப்போ விரலும் போயிடுச்சு. இனி எனக்கு என்ன இருக்கு?”

“என்ன கண்ணு? யாருக்குக் கண்ணு?” என்றாள் அக்கா.

நூல்கடைக்காரி அவரைப் பார்த்தாள். அவர் பேசமாட்டார் என்று தெரிந்ததும் அவளே சொன்னாள். “கண்புரைக்கா. ரெண்டு கண்ணுலயும். நீலம், ஊதா, கரும்பச்சை எல்லாம் அவருக்கு ஒரே அழுக்காத் தெரியுது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி கடைக்கு வந்து நீல நூல் கேட்டார். மாதிரிக்குக் குடுத்த குச்சி ஊதா. கைல ஊதாவ வெச்சுகிட்டு நீலம்னு சாதிக்கறார். எனக்கு அப்பவே புரிஞ்சிடுச்சு. வியாழக்கிழமை காலைல சந்தேகமான குச்சியக் கடைக்குக் கொண்டுவந்து காட்டுவார். மூணு மணிக்கு நான் வந்து புதுக் குச்சியெல்லாம் நூலோட ஒட்டி நிறம் பார்த்து வெட்டுப் போட்டுத் தரேன். சிவப்புக்கு ஒண்ணு, மஞ்சளுக்கு ரெண்டு, நீலத்துக்கு மூணு, ஊதாவுக்கு நாலு. விரல்ல தடவியே சரியா எடுப்பார். இன்னிக்குத்தான் என்ன ஆச்சோ தெரியல.”

நீலத்துக்கு மூணு.

ஊதாக் குருவி, பச்சைச் சேலை, சுருங்கிய கண்கள். எல்லாம் அக்காவின் கண்முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றன. இருபத்தாறு வருடம் செருப்பைப் பார்த்தவள், முகத்தைப் பார்க்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் தன் கட்டைவிரலை இன்னொருவருடைய விரலைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவளால் தாங்க முடியவில்லை.

“உங்க விரலுக்கு ஒண்ணும் இல்லீங்க,” என்றாள். “நாலுதான் இருக்கு. நாலாவது நான் வெட்டினது.”

அவர் நிமிர்ந்தார். “நீயா? எதுக்கு?”

“நீங்க ரெண்டு பேரும்...” என்று ஆரம்பித்தாள். 

நூல்கடைக்காரிக்குப் புரிய ஒரு வினாடி ஆனது. புரிந்ததும் சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “அக்கா! இவரையா? எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமேக்கா!”

அவருக்குக்கூட உதடு கோணியது. ஆனால் சிரிப்பாக மாறவில்லை. அக்கா அவர் காலடியில் வளையங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவர் மடியில் கிடந்த மரத்தூளைத் தட்டினார். பிறகு, “கூண்டுவிளக்கு ஞாபகம் இருக்கா?” என்றார்.

இருந்தது. எதிர்க்கடைக்காரர் கை நடுக்கத்தில் ஒரு விளக்கைத் தலைகீழாக ஒட்டிவிட்டார். முதலில் பார்த்தது அவள்தான். தெருவுக்குச் சொன்னதும் அவள்தான். இரண்டு மாதம் தெருவே சிரித்தது. அன்றிலிருந்து அவர் கடையில் திரை பாதி மூடியே இருக்கிறது.

“நிறம் தெரியாதவன் செஞ்ச பொம்மைன்னு ஒரு பேச்சு வந்தா போதும். நாளைக்கு அந்த வாசல்ல யாரும் நிக்க மாட்டாங்க. உனக்குத் தெரிஞ்சா தெருவுக்குத் தெரியும். அதான்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் நனையும் என்பதைப் போலச் சொன்னார். சொல்லும்போது அவள் நெற்றியைப் பார்த்துச் சொன்னார். அங்கேதான் அவளுக்குப் பகீரென்றது. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். ஒன்பது வருடம் அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கி, கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டாள். “இங்க பாருங்க. நெத்திய இல்ல. என்னப் பாருங்க.”

“மங்கலாத்தான் தெரியற.”

“மங்கலாவாவது பாருங்க.”

நூல்கடைக்காரி தொண்டையைச் செருமினாள். “செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி குடுத்திருக்கார்க்கா. நல்லாயிடும்னு சொல்றார். இவர்தான் முடியாதுங்கறார்.”

“கத்தி பிடிக்கறவன் நான்,” என்றார் அவர். “ஒரு இழை தவறினா என்ன ஆகும்னு எனக்கில்ல தெரியும்.”

“உங்க கத்தி தவறி நான் பார்த்ததில்லையே. அந்த டாக்டரும் இத்தன வருஷம் கத்தி பிடிச்சவர்தான? செவ்வாய்க்கிழமை போறோம். நான் கூட வரேன். டாக்டர் கைய நான் பார்த்துக்கறேன்.”

“ஐயோ பாவம் டாக்டர்,” என்றாள் நூல்கடைக்காரி. பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள். “நீலத்துக்கு மூணு. மறக்காதீங்க. சனிக்கிழமைக்குள்ள எண்பது வளையம் திரும்ப ஏத்தணும்.”

வாசல்வரை கூடவே வந்தாள் அக்கா. எதிர்பார்த்தது போலவே கூடைக்காரி தன் கடையை விட்டு இறங்கி, குருவிகளுக்குக் கீழே வந்து நின்றிருந்தாள். பின்னி முடிக்காத கூடை கையில், கழுத்து ஒரு முழம் நீளம். எதிர்க்கடையின் பாதித் திரைக்குப் பின்னாலும் ஒரு கண் தெரிந்தது.

“என்னக்கா, உள்ள அழற சத்தம் கேட்டுச்சு? கதவெல்லாம் இடிச்சீங்க? வியாழக்கிழமை வியாழக்கிழமை இந்தம்மா வேற வருது. என்ன விஷயம், சொல்லுங்க.”

தெருவே காத்திருந்தது. இருபத்தாறு வருடத்தில் போலீஸ் அக்கா இப்படி ஒரு கேள்வியைப் பதிலில்லாமல் திருப்பி அனுப்பியதில்லை. நூல்கடைக்காரி படியிலேயே நின்று, என்ன சொல்லப் போகிறாள் என்று அவள் வாயையே பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது அசல் சந்தேகம்.

“மரத்தூள்,” என்றாள் அக்கா. “கண்ணுல விழுந்துடுச்சு.”

“யார் கண்ணுல?”

“எங்கண்ணுல.”

“அப்போ மேல ஒரு குருவி மட்டும் ஊதாவா தொங்குதே, அது என்ன?”

அக்கா அண்ணாந்து பார்த்தாள். ஐந்தாவது குருவி காற்றில் திரும்பி நீலக்குருவி ஒன்றை டொக்கென்று முட்டியது.

“அழகுக்கு,” என்றாள்.

நூல்கடைக்காரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், கூடைக் கடையைத் தாண்டி, விளக்குக் கடையைத் தாண்டி நடந்தாள். அவள் தலை தெருக்கோடியில் மறைகிறவரை அக்கா பார்த்திருந்தாள். பிறகு, அந்தத் தெருவில் மாலை நாலு மணிக்குத் திறந்திருக்கும் எந்தக் கடையும் செய்யாத காரியத்தைச் செய்தாள். உள்ளே வந்து, கூடைக்காரியின் நீண்ட கழுத்துக்கு எதிரே, கதவைச் சாத்தினாள்.